நான்கு வாசல் நாகரிகம்

மேன்மை தங்கிய கல்வித் துறையார் ஒரு நல்ல நாள் பார்த்து, பதினோராம் வகுப்பிலேயே தொல்லியலை ஒரு பாடமாக வைப்பது என்று முடிவெடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு தோண்டத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு இடுப்பு வளையாது, பதினாறு வயதிலேயே பழகினால்தான் நாட்டின் தொன்மை கூடும் என்பது அரசாணையின் மூன்றாம் பத்தி.

மாவட்டத்துக்கு ஒரு பள்ளி. விருதுநகர் மாவட்டத்தில் அந்தப் பாக்கியம் செங்குளம்பட்டி மேல்நிலைப் பள்ளிக்குக் கிடைத்தது. ஆமத்தூர் விலக்கில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் வரும் ஊர். ஏன் அந்தப் பள்ளி என்று கேட்டவர்களுக்கு, "அங்கே கட்டடம் இல்லாத இடம் நிறைய இருக்கிறது, தோண்டுவதற்குத் தடையில்லை" என்று பதில் வந்தது. பத்து வருசமாகக் கட்டடம் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர், அது வராததன் காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது என்று சொல்லிக் கண் கலங்கினார்.

பாடம் வந்தால் ஆசிரியர் வேண்டுமே? வரலாற்று ஆசிரியர் பணியிடம் நான்கு வருசமாகக் காலி. ஆகவே விளையாட்டு ஆசிரியர் லட்சுமிகாந்தத்தை நியமித்தார்கள். தகுதி: நீளம் தாண்டுவதற்குக் குழி தோண்டி, மண் அள்ளி, மணல் சலித்த முன் அனுபவம்.

மாணவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் கம்ப்யூட்டர் குரூப்பில் இடம் கிடைக்காமல் வந்து விழுந்தவர்கள். தானாகக் கை தூக்கிச் சேர்ந்தவள் செல்வலட்சுமி ஒருத்திதான். அவளும் முன்னோர்கள் மேல் உள்ள பிரியத்தால் சேரவில்லை. அவள் அம்மா முருகம்மாள் இருபத்திரண்டு வருசமாகப் பட்டாசு வேலை பார்ப்பவள். மகளுக்கு அவள் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நீ என்ன வேலைக்கு வேணும்னாலும் போடி. வெடிக்காத வேலையா இருக்கணும். அம்புட்டுத்தான்."

செல்வலட்சுமி பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். வேதியியல் கட்டாயம் வெடிக்கும். இயற்பியலில் கரண்டு இருக்கிறது. வணிகவியல் படித்தவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிக்கே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். தொல்லியல் ஒன்றுதான் மண்ணோடும் செத்துப்போனவர்களோடும் முடிந்துவிடுகிறது. இனிமேல் அங்கே வெடிப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. பிளஸ் டூ தேறினால் மதுரையில் தொல்லியல் பட்டம், அப்புறம் அரசாங்க வேலை. தலையில் தொப்பி, கையில் சின்னதாக ஒரு பிரஷ். குறுக்கே நின்றது செய்முறைத் தேர்வு.

பாடப்புத்தகம் வரவில்லை. அது பத்து மைலில் இருக்கும் சிவகாசியில்தான் அச்சாகியிருந்தது. ஆனால் முறைப்படி சென்னைக்குப் போய், அங்கே கொஞ்ச நாள் தங்கித்தான் திரும்பி வர வேண்டும். செய்முறைக் கையேடு மட்டும் முந்திக்கொண்டு வந்தது. அதன் ஏழாம் விதி இது:

"மாணவர்கள் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் குழி தோண்டி, குறைந்தது ஐந்து தொல்பொருட்களைக் கண்டெடுத்தல் வேண்டும். பொருளின் வயதுக்கேற்ப, ஆயிரம் ஆண்டுக்கு ஆறு மதிப்பெண் வீதம் வழங்கப்படும். உச்ச வரம்பு முப்பது. பதினைந்துக்குக் குறைந்தோர் தேறாதோர் ஆவர்."

லட்சுமிகாந்தம் சார் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே கணக்குப் போட்டார். "பாஸாகணும்னா ரெண்டாயிரத்தைந்நூறு வருசம். முழு மார்க்கு வேணும்னா ஐயாயிரம். என்னலே முழிக்கீக? கடலைச் செடி பிடுங்குற மாதிரி பிடுங்கணும்."

"சார், நம்ம ஊருக்கே நூறு வருசம்தான ஆவுது?" என்றாள் செல்வலட்சுமி.

"ஊருக்கு வயசாவுற வரைக்கும் பரீட்சையைத் தள்ளியா வைப்பாக? கீழ போகப் போக வயசு கூடும். தோண்டு."

தோண்டுவதற்கு முன்னால் அனுமதி வேண்டும். சாரும் செல்வலட்சுமியும் விருதுநகருக்குப் பஸ் ஏறினார்கள். தொல்லியல் அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட மேசையில் அய்யாதுரை இருந்தார். பத்தொன்பது வருசமாகத் தற்காலிகமாக அங்கே உட்கார்ந்திருப்பவர்.

"கண்டெடுக்கப்படவிருக்கும் பொருட்களின் பட்டியல் எங்க? மூணு பிரதி வேணுமே."

"தோண்டினாத்தான சார் தெரியும்?" என்றாள் செல்வலட்சுமி.

"என்ன இருக்குன்னு தெரியாமலா தோண்டப் போறீக?"

"தெரிஞ்சா எதுக்கு சார் தோண்டணும்?"

அய்யாதுரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பாப்பா, நல்லாக் கேட்டுக்கோ. பட்டியல்ல இல்லாத பொருள் பூமிக்குள்ள இருந்தா, சட்டப்படி அது அங்கன இல்ல. இல்லாத பொருளை நீ வெளிய எடுத்துட்டேன்னு வையி, பதில் சொல்றது யாரு? நான்!"

நியாயம்தானே. உட்கார்ந்து பட்டியல் எழுதினார்கள். பானை ஒன்று. உடைந்த பானை ஒன்று. மேலும் உடைந்த பானை ஒன்று. முதல் பானையின் மூடி ஒன்று. ஐந்தாவதற்குச் சாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'தலைமையாசிரியர் பரிந்துரைக்கும் பொருள் ஒன்று' என்று எழுதினார். முத்திரை விழுந்தது.

நாற்பது நாள் தோண்டினார்கள். முதல் வாரம் ஒற்றைச் செருப்பு வந்தது. இரண்டாம் வாரம், பல வருசத்துக்கு முன்னால் தொலைந்துபோன நீளம் தாண்டும் அளவுநாடா கிடைத்தது. சார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாம் வாரம் செங்கல் தட்டுப்பட்டது. பிள்ளைகள் ஆரவாரமாகச் சுரண்டினார்கள். சதுரமான ஒரு அறையின் அடித்தளம். நாலு பக்கமும் வாசலுக்கு விட்ட இடைவெளி.

ஆரவாரம் அதோடு நின்றது. அது இருபத்தேழு வருசத்துக்கு முன்னால் இடித்துப்போட்ட பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மருந்து அறையை அப்படித்தான் கட்டுவார்கள். உள்ளே நாலு பேர், சுற்றிலும் நாலு வாசல்.

"கால் மார்க்குக்கும் தேறாது. இன்னும் கீழ போங்கலே" என்றார் சார். கீழே வெறும் சரளை.

தேர்வுக்கு முதல்நாள் இருட்டும் வரைக்கும் செல்வலட்சுமி அந்தச் சரளையைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தேர்வாளர் முனைவர் சங்கரபாண்டியன் உதவியாளரோடு ஜீப்பில் வந்தார். ஆமத்தூர் விலக்கில் இறங்கி, பருப்பு வடையின் தொன்மையை ஆராய்ந்துகொண்டு அரைமணி நேரம் டீக்கடையில் இருந்தார். வினை அங்கேதான் பிடித்தது.

செங்குளம்பட்டியில் அரசாங்க ஜீப்புக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலும் வேலிக்காட்டிலும் பட்டாசு வேலை பார்ப்பவர்களைப் பிடிக்க வருகிறார்கள். விலக்கில் இருக்கும் டீக்கடைக்காரர் ஜீப்பைக் கண்டதும் ஊருக்குப் போன் போட்டு, "சம்பந்தி வீட்டுல கிளம்பிட்டாக" என்பார். ஐந்தாவது நிமிசம், பட்டாசு என்ற சொல்லையே கேள்விப்படாத ஊர் ஒன்று அங்கே இருக்கும்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள வேலிக்காட்டில் முருகம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் உட்கார்ந்து மண்ணில் புஸ்வாணக் கூடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே புதிதாக ஒரு மோஸ்தர் கிளம்பியிருந்தது. புஸ்வாணம் காகிதக் கூட்டில் இருந்தால் புகை, அதே மருந்து மண் கூட்டில் இருந்தால் இயற்கை. சிவகாசி முதலாளி மணிகண்டராஜுக்கு 'இயற்கைப் புஸ்வாணம்' என்று ஒரு லாரி லோடுக்கு ஆர்டர் வந்திருந்தது.

போன் வந்தது. ஜீப் பள்ளிக்கூடத்துப் பாதையில் திரும்புகிறது என்றும் தகவல் வந்தது. பெண்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். யாரோ புண்ணியவான் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அழகாகக் குழி வெட்டி வைத்திருந்தான். காவலுக்கும் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் முன்வாசலில் பன்னீர்ச் செம்போடு தேர்வாளரை வரவேற்க வரிசையில் நின்றார்கள். மருந்து ஏறாத வெறுங்கூடு முந்நூறையும் குழிக்குள் இறக்கி, அவை மறையும் அளவுக்குப் பக்குவமாக மண்ணைத் தள்ளிவிட்டுப் பெண்கள் வேலிக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

குழியருகே வந்த முனைவர், கைக்குச் சிக்கிய இடத்தில் பிரஷால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு மண்கூடு தலை நீட்டியது. இன்னொரு தட்டு. இன்னும் ஒன்று. சார் வாயிலிருந்த விசில் தானாக ஒரு தரம் ஊதியது. செல்வலட்சுமி மட்டும் ஓரடி பின்வாங்கினாள். கூட்டைப் பார்த்ததும் அது எந்த வீட்டுக் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கவிழ்த்த கூம்பு. உச்சியில் ஒரு துளை" என்றார் முனைவர். "இதில் தண்ணீர் நிற்காது. சோறு நிற்காது. எதற்குமே உதவாது. அப்படியானால் மிக உயர்ந்த நாகரிகமாகத்தான் இருக்க வேண்டும்."

"கொஞ்சம் ஈரமா இருக்கே சார்" என்றார் லட்சுமிகாந்தம்.

"எத்தனை ஆயிரம் ஆண்டு! இன்னும் ஈரம் காயவில்லை பார்த்தீர்களா? இந்தத் தொழில்நுட்பம் இன்று யாரிடம் இருக்கிறது?"

"வயசு எம்புட்டுன்னு போடலாம் சார்?"

"மூவாயிரம் இருக்கும். ஆனால் மூவாயிரம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. மதிப்பில்லை."

"மிளகாய் வத்தல் ஏலத்துல கேக்குற மாதிரி ஏத்திக் கேளுங்க சார். நாலாயிரம்!"

"நாலாயிரத்தைந்நூறு."

"ஐயாயிரம்! அதுக்கு மேல போனா பிள்ளைகளுக்கு மார்க்கு ஏறாது சார், வரம்பு இருக்கு."

"ஐயாயிரம் பிள்ளைகளுக்கு. என் பதவி உயர்வுக்கு ஒரு ஆயிரம் வேண்டாமா? ஆறாயிரம்" என்று சொல்லி முனைவர் ஏலத்தை முடித்தார்.

வாய்மொழித் தேர்வு தொடங்கியது. முதல் பெயர் செல்வலட்சுமி.

"இந்த அறைக்கு ஏன் நான்கு வாசல்?" என்று ஓரத்தில் தெரிந்த செங்கல் அடித்தளத்தைக் காட்டினார் முனைவர்.

"நாலு பேர் ஓடுறதுக்கு சார்."

"ஓடுவதற்கா? எங்கே?"

"வெளிய சார். உள்ள தீப்பிடிச்சா, ஒருத்தருக்கொருத்தர் முட்டிக்கிடாம ஓடணும்லா."

முனைவர் பரவசத்தோடு உதவியாளர் பக்கம் திரும்பினார். "எழுது. தீ வழிபாடு இருந்திருக்கிறது. வழிபாட்டின் உச்சத்தில் நால்வரும் நான்கு திசைக்கும் ஓடும் சடங்கு." பிறகு கூட்டைத் தூக்கிக் காட்டினார். "இதைச் செய்தவர் யார்?"

செல்வலட்சுமி யோசித்தாள். 'சங்க காலத்துக்கு முந்தைய குயவர்' என்று சொன்னால் முப்பது மார்க்கு. ஆனால் என்றைக்காவது உண்மை தெரிந்தால் சர்ட்டிபிகேட்டே வெடித்துவிடும். வெடிக்காத வேலைக்குப் போக நினைக்கிறவள் அஸ்திவாரத்திலேயே மருந்து வைக்கலாமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா சார். இன்னைக்குக் காலையில செஞ்சது."

லட்சுமிகாந்தம் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முனைவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர்.

"ஆறாயிரம் ஆண்டு அறுபடாத தொடர்ச்சி! எங்கே அந்த அம்மையார்?"

வேலிக்குப் பின்னாலிருந்து முருகம்மாளை அழைத்து வந்தார்கள். "ஐயா, நான் ஒண்ணுமறியேன். ஆட்டைப் பத்திக்கிட்டு வந்தேன்" என்றாள் அவள், வழக்கமாகப் பட்டாசுச் சோதனைக்கு வருபவர்களிடம் சொல்லும் பதிலை.

"ஆடு வளர்ப்பும் இருந்திருக்கிறது, எழுது" என்ற முனைவர், அவள் பெருவிரலைப் பிடித்துக் கூட்டில் பதிந்திருந்த ரேகையோடு ஒட்டிப் பார்த்தார். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. "ஆறாயிரம் ஆண்டாக ரேகைகூட மாறவில்லை!"

ஒன்பது பேருக்கும் முப்பதுக்கு முப்பது.

அதற்கப்புறம் ஊருக்கு வந்த பவிசைச் சொல்ல ஒரு வாய் போதாது. ஊராட்சி வரவேற்பு வளைவில் 'ஆறாயிரம் ஆண்டுகள் உங்களை வரவேற்கின்றன' என்று எழுதினார்கள். 'நான்கு வாசல் நகர்' என்று பிளாட் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு வாசல் வைத்ததில் உள்ளே கட்டில் போடச் சுவர் இல்லாமல் போயிற்று. மணிகண்டராஜ் முதலாளி 'இயற்கைப் புஸ்வாணம்' லேபிளைக் கிழித்துவிட்டு 'ஆதிப் புஸ்வாணம்' என்று புது லேபிள் அடித்தார். நிஜமாகவே பட்டாசுச் சோதனை ஜீப் ஒன்று வந்தபோது, தொன்மைச் சடங்குக்கு இடையூறு செய்த குற்றத்துக்கு அந்த ஜீப்பில் வந்தவர்களிடமே எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது.

செல்வலட்சுமி இதில் எதையும் கவனிக்கவில்லை. பிளஸ் டூ தேறினாள். மதுரைக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். திங்கள்கிழமை மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தலைமையாசிரியர் முன்னால் நின்றாள். அவர் ஒரு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

அகழ்விடப் பொருட்கள், செங்குளம்பட்டி. ஒன்று முதல் ஐந்து வரை மண்கூம்புகள். ஆறு: முருகம்மாள். ஏழு: செல்வலட்சுமி, மரபுத் தொடர்ச்சிக்கான சான்று, நடமாடும் வகை.

"பதிவேட்டுல ஏறின பொருளை அகழ்விடத்தை விட்டு அகற்றக் கூடாதுல்லாம்மா" என்றார் தலைமையாசிரியர் வருத்தத்தோடு. "நீ போயிட்டா ஆறாயிரம் வருசத்துல ஒரு ஓட்டை விழுந்துரும்."

"நான் படிக்கப் போகணும் சார்!"

"அன்னைக்கு எங்கம்மான்னு சொல்லாம இருந்திருக்கலாம்."

செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் விருதுநகரில் அய்யாதுரை முன்னால் நின்றார்கள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆள் வெளியூர் போவதற்கு அதில் வழி இல்லை. பொருள் போவதற்கு இருந்தது.

"ஆய்வுக்காக ஒரு கல்வி நிறுவனத்துக்கு மூணு வருசம் இரவல் குடுக்கலாம். வைக்கோல் வச்சுக் கட்டணும். துணைக்குக் காவலர் வரணும். சேதாரமில்லாமத் திருப்பித் தரணும். இன்சூரன்ஸ் கட்டாயம்."

"இன்சூரன்சா?" என்றாள் முருகம்மாள்.

"பின்ன? பதிவேட்டுல உள்ள எல்லாப் பொருளுக்கும் உண்டு. ஆறாம் நம்பருக்கும் சேத்துத்தான், அது நீங்கதான? கீறல் விழுந்தாக்கூட இழப்பீடு. தீ அபாயம் உள்ள எடத்துல வைக்கவே கூடாது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல கையாளக் கூடாது."

"இருபத்திரண்டு வருசமா இதையெல்லாந்தான் ஐயா கேட்டோம்" என்றாள் முருகம்மாள். "பொருளாப் பிறக்காமப் போயிட்டோம்."

அன்று சாயங்காலம் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை காலையில் செல்வலட்சுமி உத்தரவை வாங்க வந்தபோது, அலுவலகத்துக்கு வெளியே லோடு வேன் மேல் லோடு வேனாக வந்து நின்றது. செங்குளம்பட்டி முழுக்க இறங்கியது. பக்கத்து ஊர் எம். புதுப்பட்டியிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மாடி வரைக்கும் வரிசை. மணி ஒன்றாகிவிட்டது. விட்டால் ஐந்து மணிக்கு மதுரை கைவிட்டுப் போய்விடும். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த லட்சுமிகாந்தம் சார் ஒரு நீண்ட விசில் கொடுத்து வழி உண்டாக்கினார். அவர் கையிலும் தன்னைத் தொல்பொருளாகப் பதிந்துகொள்ளும் படிவம் ஒன்று இருந்தது.

"உங்க வயசு?" என்று முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார் அய்யாதுரை.

"நாப்பத்திரண்டு. ஐயாயிரம்னு போட்டுக்கோங்க."

"ஏழாம் நம்பர் பொருளே, முன்னால வா" என்று கூப்பிட்டு, செல்வலட்சுமியின் இரவல் உத்தரவில் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே ஜீப் நின்றது, பின்சீட்டில் வைக்கோலோடு. அவள் நன்றி சொல்லத் திரும்பினாள். அய்யாதுரை வரிசையைக் காக்க வைத்துவிட்டுக் குனிந்து ஒரு படிவத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கண்டெடுக்கப்பட்ட இடம்: இதே நாற்காலி.

"என்ன பாப்பா பாக்குற? எங்க ஆபீசரு காலையிலேயே வீட்டுக்கு நாலு படிவம் எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொருளின் தற்போதைய நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட? நீதான் இதைப் படிச்ச பிள்ளை."

செல்வலட்சுமி வரிசையைப் பார்த்தாள். வழியனுப்ப வந்த அம்மா, அம்மாவோடு கூடு பிடிக்கிறவர்கள், விசிலோடு சார், மாடிப்படி முழுக்கத் தெரிந்த முகங்கள்.

"உடைந்தது, உபயோகத்தில் உள்ளதுன்னு போடுங்க சார்."

முன்னால் நின்றவர் அதைக் காதில் வாங்கிப் பின்னால் நின்றவருக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்கு. சாயங்காலம் அலுவலகம் மூடும்போது நானூற்றுச் சொச்சம் படிவங்கள் சேர்ந்திருந்தன. பெயரில் அடித்தல் இருந்தது, வயதில் திருத்தல் இருந்தது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஒருவர்கூட அடித்து எழுதவில்லை.